சிவப்புத் துணி கட்டிய கயிறு

ஊர்ப் பெரியவர்களுக்கும் அண்ணன் தம்பிகளுக்கும் அக்கா தங்கைகளுக்கும் வணக்கம்.

நேற்று சாயங்காலம் தேர்வுப் பட்டியல் வந்தது. தமிழ்நாடு சிறப்புக் காவல் படை, இரண்டாம் நிலைக் காவலர். என் எண் அதில் இருக்கிறது. மூன்று தடவை பார்த்துவிட்டுப் போனைத் தங்கையிடம் கொடுத்து அவளைப் படிக்கச் சொன்னேன். அம்மா ஒன்றும் பேசவில்லை. உள்ளே போய் அப்பாவின் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். மருத்துவப் பரிசோதனை, நன்னடத்தை விசாரணை எல்லாம் இன்னும் பாக்கி இருக்கிறது, அதெல்லாம் முடிந்த பிறகு ஊருக்குச் சொல் என்று மாமா சொன்னார். அதுவரை என்னால் பொறுக்க முடியவில்லை.

மார்கழிக் கடைசியில் எங்கள் வீட்டில் நடந்தது உங்கள் எல்லோருக்கும் தெரியும். அதைத் திரும்ப எழுத எனக்குத் தெம்பு இல்லை. அந்த நாட்களில் ஆஸ்பத்திரி வராந்தாவில் என்னோடு முறை போட்டுப் படுத்தவர்கள், ரத்தம் கொடுத்தவர்கள், எங்கள் மாட்டுக்குத் தண்ணீர் காட்டியவர்கள், கேட்காமலே பணம் கொடுத்துவிட்டு அதைப் பற்றி இன்றுவரை பேசாதவர்கள், எல்லோர் முகமும் எனக்கு நினைவிருக்கிறது. விடியற்காலை நாலரை மணிக்குப் பள்ளி மைதானக் கதவைத் திறந்துவிட்ட காவல்கார அண்ணன், 1500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் முடிக்கும் வரை செல்போனில் நேரம் பார்த்துக்கொண்டே கூட ஓடிய தோழர்கள், மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்தின் தன்னார்வப் பயிலும் வட்டத்தில் காசு வாங்காமல் பாடம் நடத்திய ஆசிரியர்கள், எல்லோருக்கும் என் நன்றி. ஒவ்வொருவர் வீட்டுக்கும் நேரில் வருவேன்.

இந்த மடலை நான் எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் ஒரு கயிறு.

2023 டிசம்பர் 10 அன்று எழுத்துத் தேர்வு முடிந்தது. மொத்தம் 3,359 இடங்கள். காவலர், சிறைக் காவலர், தீயணைப்பாளர் மூன்றுக்கும் சேர்த்துத்தான் அந்த எண்ணிக்கை. எழுத்துத் தேர்வுக்கு 70 மதிப்பெண், உடல்திறன் போட்டிக்கு 24. எழுத்தில் ஓரளவு செய்திருந்தேன். ஓட்டத்திலும் பயமில்லை. கயிறு ஏறுவதுதான் எனக்கு வரவில்லை. 5 மீட்டர் ஏறினால் ஒரு நட்சத்திரம், 6 மீட்டர் தொட்டால் இரண்டு, நட்சத்திரத்தை வைத்துத்தான் மதிப்பெண். கிணற்றடியில் கிடந்த நைலான் கயிற்றைப் புளியமரக் கிளையில் கட்டி ஏறிப் பார்த்தேன். அது மெல்லிசு, கையில் நிற்காமல் வழுக்கியது. பாதத்துக்கு நடுவில் இறுக்கிப் பிடித்து எழும்பவும் முடியவில்லை. உள்ளங்கை இரண்டும் கொப்புளமாகிவிட்டன.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சிங்கம்புணரிக்குப் போனேன். தேர் வடம் திரிக்கிற ஊர், அங்கே இல்லாத கயிறா என்று ஒரு பட்டறையில் நுழைந்தேன். விலை கேட்டதும் கையிலிருந்த பணம் பாதிக்குக்கூட வராது என்று தெரிந்தது. பொங்கல் கழித்துக் கூலி வந்ததும் வருகிறேன் என்று சொல்லிவிட்டுத் திரும்பினேன். நார் திரித்துக்கொண்டிருந்த ஓர் ஆத்தா என்னைக் கூப்பிட்டார். "எதுக்கு அப்பு கயிறு, மாட்டுக்கா, கெணத்துக்கா?" என்றார். போலீஸ் வேலைக்குக் கயிறு ஏற வேண்டும் என்றேன். அவர் சிரிக்கவில்லை. எவ்வளவு உயரம் என்று கேட்டார். மீட்டர் கணக்கில் சொன்னதும், முழத்தில் சொல்லு என்றார். நான் யோசித்து, 6 மீட்டர் என்றால் பதின்மூன்று முழத்துக்குக் கொஞ்சம் மேல் என்றேன். என் கையை வாங்கிக் கொப்புளத்தைப் பார்த்தார். எந்த ஊர் என்று கேட்டார். அவ்வளவுதான். கால் மணி நேரம்கூட நான் அங்கே இல்லை.

அப்புறம்தான் எங்கள் வீட்டில் அது நடந்தது. புத்தகம், மைதானம், கயிறு எல்லாவற்றையும் விட்டுவிட்டேன். உடல்தகுதித் தேர்வுக்கு அழைப்பு வந்தபோதுகூடப் போக வேண்டாம் என்றுதான் இருந்தேன். இதை அம்மாவிடம்கூட நான் சொல்லவில்லை.

தைப்பூசத்துக்கு முந்தின நாள் காலையில் எங்கள் ஊர் வழியாக வரும் பஸ்ஸின் கண்டக்டர், டீக்கடை வாசலில் ஒரு சாக்கு மூட்டையை இறக்கிவிட்டுப் போயிருந்தார். "போலீஸுக்குப் படிக்கிற பையன்கிட்ட கொடுங்க" என்று மட்டும் சொன்னாராம். பிரித்துப் பார்த்தால் கயிறு. கைக்கு அடங்குகிற பருமன். புதுத் தேங்காய் நார்க் கயிறு கையை அறுக்கும், உங்களுக்குத் தெரியும். இதில் பிசிறெல்லாம் வெட்டி, முழு நீளத்துக்கும் துணி வைத்துத் தேய்த்திருந்தது. நுனி பிரியாமல் இறுக்கிக் கட்டியிருந்தது. நடுவில் ஓரிடத்தில் ஒரு சிவப்புத் துணி முடிச்சு. கீழ் நுனியிலிருந்து அந்த முடிச்சு வரைக்கும் முழம் போட்டுப் பார்த்தேன். பதினான்கு முழம்.

எங்கள் வீட்டில் நடந்ததை அந்தக் கண்டக்டர் அண்ணன்தான் பட்டறையில் சொல்லியிருக்கிறார். பாதி வேலையாக நின்ற கயிற்றை ஆத்தா தானே உட்கார்ந்து முடித்து, விலையைத் தன் கூலியில் கழித்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறார். இதெல்லாம் எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. அன்றைக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று. ஒரே ஒரு தடவை பார்த்த ஒருவர், நான் ஏறப் போகிறேன் என்று நம்பிக்கொண்டு துணி கட்டி அனுப்பியிருக்கிறார். நான் வீட்டில் சும்மா உட்கார்ந்திருக்கிறேன். அதன் பிறகு எப்படி உட்கார்ந்திருப்பது? அன்று சாயங்காலமே தோழர்கள் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு போய்ப் புளியமரத்தில் கட்டினேன்.

முதல் நாள் பாதிகூட ஏற முடியவில்லை. ஆனால் கயிறு காலுக்கு நடுவில் நின்றது. கையால் தொங்கி இழுப்பதைவிட, காலால் கயிற்றை மடித்து மிதித்து எழும்புவதில்தான் எல்லாம் இருக்கிறது என்று அந்தக் கயிறு சொல்லிக் கொடுத்தது. பத்தாவது நாள் சிவப்புத் துணியைத் தொட்டேன். மறுநாள் டேப் வைத்து அளந்தோம். துணி இருந்தது 6 மீட்டர் 20 சென்டிமீட்டரில். தோழன் அதைக் கீழே இறக்கிக் கட்டலாம் என்றான். நான் விடவில்லை.

பிப்ரவரியில் மைதானத்தில் என் முறை வந்தபோது பழக்கத்தில் மேலேயே போய்க்கொண்டிருந்தேன். குறியைத் தொட்டது எனக்கே தெரியவில்லை, போதும் இறங்கு என்று கீழேயிருந்து குரல் வந்தது. கயிற்றில் தொங்கியபடியே அழுதுவிட்டேன்.

அதற்கடுத்த வாரம் ஆத்தாவைப் பார்க்கப் போனேன். பணத்தைக் கொடுத்தேன், மறுக்காமல் வாங்கிக்கொண்டார். அவர் வாங்கிக்கொண்டதில் எனக்கு எவ்வளவு நிம்மதி என்று சொல்லத் தெரியவில்லை. துணி ஒரு சாண் மேலே இருந்ததே ஆத்தா என்று கேட்டேன். "முழம் போட்டாக் கடைசியில கொஞ்சம் விட்டுத்தான் அப்பு போடணும். கொசுறு இல்லாம எப்படிக் கொடுக்குறது?" என்றார். நன்றி சொல்ல வார்த்தை தேடி நின்றேன். அதற்குள் அவர் நார் எடுக்கத் திரும்பிவிட்டார்.

தமிழ்த் தகுதித் தேர்வுக்குக் கடையெழு வள்ளல்களை மனப்பாடம் செய்தேன். பிரான்மலை நமக்குக் கண்ணுக்கெட்டிய தூரத்தில் இருக்கிறது, பறம்பு மலை என்பது அதுதான், பாரி ஆண்ட மலை. முல்லைக் கொடிக்குத் தேர் கொடுத்த கதையை அப்போது வெறும் விடையாகத்தான் படித்தேன். இப்போது அந்தப் பக்கம் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஆத்தாவின் கைதான் நினைவுக்கு வருகிறது, நார் பட்டுப் பட்டுக் காய்த்துப்போன கை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வேலை வாங்கித் தருகிறேன், இத்தனை லட்சம் கொடு என்று ஒருவர் அந்தக் கஷ்டத்திலும் எங்கள் வீட்டுக்கு வந்தார். தம்பிகளே, நான் கட்டியது 250 ரூபாய் விண்ணப்பக் கட்டணம் மட்டும்தான். பணம் கேட்டு யார் வந்தாலும் வாசலோடு அனுப்புங்கள்.

இனி 7 மாதப் பயிற்சிக்குப் போக வேண்டும். எங்கே அனுப்புவார்கள் என்று இன்னும் தெரியாது. சிறப்புக் காவல் படை என்றால் கூட்டம் கூடும் இடத்துக்கெல்லாம் பந்தோபஸ்துக்குப் போக வேண்டியிருக்கும். என்றாவது ஒரு தேரோட்டத்தில் நான் நிற்பேன். வடத்தைத் தொட்டுக் கும்பிட ஒரு வயதான அம்மா நெரிசலில் தவித்தால், லத்தியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அவர் கையைப் பிடித்து அழைத்துப் போவேன். இதை ஊர் முன்னால் எழுதிக் கொடுக்கிறேன்.

கயிற்றை நான் எடுத்துப் போகவில்லை. புளியமரத்திலேயே இருக்கும். அடுத்த தேர்வுக்குத் தயாராகிறவர்கள் யார் வேண்டுமானாலும் ஏறலாம். மழை வந்தால் அவிழ்த்துப் பள்ளி வராந்தாவில் போடுங்கள், நனைந்தால் நார் மக்கிவிடும். ஏறும் முன் கிளையையும் முடிச்சையும் ஒருவர் இழுத்துப் பாருங்கள். சிவப்புத் துணியைக் கீழே இறக்க வேண்டாம்.

இப்படிக்கு,
உங்கள் வீட்டுப் பிள்ளை