ஐந்தாவது ஆட்டத்தைத் திருப்பிக் கொடுங்கள்

சர்வதேச டென்னிஸ் கூட்டமைப்பு நிர்வாகிகளுக்கு, வணக்கம்.

நாடுகளுக்கு இடையிலான ஆண்கள் அணிப் போட்டியான டேவிஸ் கோப்பை இறுதிச்சுற்று பற்றி எனக்கு ஒரே ஒரு கோரிக்கை: நான்கு ஒற்றையர், ஓர் இரட்டையர் என மூன்று நாளில் ஐந்து ஆட்டம் ஆடிய பழைய முறையைத் திருப்பிக் கொடுங்கள். அதற்குச் சாட்சி, 2017-இல் ஓய்வு பெற்ற செக் வீரர் ராடெக் ஸ்டெபானெக்.

இந்திய ரசிகர்களுக்கு அவர் லியாண்டர் பயஸின் கூட்டாளி. 2012 ஆஸ்திரேலிய ஓபன் இரட்டையர் இறுதியில் அமெரிக்காவின் பிரையன் சகோதரர்களை வீழ்த்திய ஜோடி அது. ஒற்றையர் தரவரிசையில் 8-ஆம் இடம்வரை வந்தார். ஒற்றையர் கிராண்ட்ஸ்லாம் பட்டம் மட்டும் கைகூடவில்லை. ஆனால் நாட்டுக்காக ஆடும்போது அவர் வேறு ஆள். 2009 டேவிஸ் கோப்பை அரையிறுதியில், குரோஷிய மண்ணிலேயே அந்நாட்டு வீரர் இவோ கார்லோவிச் அவர்மீது 78 ஏஸ் (எதிராளி தொடமுடியாத சர்வீஸ்) இறக்கினார். அத்தனையையும் தாங்கி, 5 மணி 59 நிமிடம் நின்று, கடைசி செட்டை 16-14 என்று எடுத்தார் ஸ்டெபானெக்.

அப்புறம் 2012, பிராக். ஸ்பெயினுக்கு எதிரான இறுதிச்சுற்று. வெள்ளிக்கிழமை ஒற்றையரில் ஸ்பெயினின் ஃபெர்ரரிடம் நேர் செட்களில் தோற்றார். சனிக்கிழமை சக செக் வீரர் பெர்டிச்சோடு இரட்டையரை வென்றார். ஞாயிற்றுக்கிழமை நான்கு ஆட்டம் முடிந்தபோது 2-2; கோப்பை யாருக்கு என்பதை ஸ்டெபானெக்கின் ஐந்தாவது ஆட்டம்தான் முடிவு செய்ய வேண்டும். 34 வயதாக ஒன்பது நாள் இருந்தது. எதிரே தன்னைவிடத் தரவரிசையில் மேலே இருந்த ஸ்பெயினின் அல்மாக்ரோ. வலையை நோக்கி ஓடி ஓடி ஆடினார். இரண்டாவது செட் டைபிரேக்கில் ஒரு புள்ளிகூடக் கொடுக்கவில்லை. நான்கு செட்டில் முடித்தார். 1980-க்குப் பிறகு கோப்பை பிராகுக்கு வந்தது. மறு ஆண்டு பெல்கிரேடில், செர்பிய ரசிகர்கள் முன்னால், மறுபடியும் 2-2. மறுபடியும் ஐந்தாவது ஆட்டத்தை அவரே வென்றார்.

2018-இல் நீங்கள் வாக்கெடுத்து மாற்றிய முறைப்படி இறுதிச்சுற்றில் இரண்டு ஒற்றையர், ஓர் இரட்டையர், அவ்வளவுதான். முதல் மூன்று ஆட்டத்தோடு நிறுத்தியிருந்தால், 2-1 என்ற கணக்கில் அந்த இரண்டு கோப்பையும் சனிக்கிழமையே செக்குக்குப் போயிருக்கும். முடிவு அதேதான், சரி. ஆனால் வெள்ளிக்கிழமை தோற்றவருக்கு ஞாயிற்றுக்கிழமை கிடைத்த அந்த இரண்டாவது வாய்ப்பு இருந்திருக்காது. ஸ்டெபானெக்கை நாங்கள் நினைவில் வைத்திருப்பதே அதற்காகத்தான்.

வீரர்களின் களைப்பு உண்மைதான். மூன்று செட் போதும், ஏற்கிறேன். தகுதிச்சுற்றில் ஐந்து ஆட்டங்களையும் சொந்த மைதானத்தையும் நீங்களே வைத்திருக்கிறீர்கள். இறுதிச்சுற்றுக்கும் அதையே கொடுங்கள்: ஐந்து ஆட்டம், இரு நாடுகளில் ஒன்றின் மண்.

அன்புடன்,
ஒரு டென்னிஸ் ரசிகன்