மூத்த குடிமக்கள் நலச் சங்கம்: 2024–25 செயலாளர் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் செயற்குழுவினருக்கும் உறுப்பினர் அனைவருக்கும் வணக்கம்.

மாதக் கூட்டங்கள், கண் பரிசோதனை முகாம், அக்டோபர் 1 முதியோர் நாள், பொங்கல் விழா ஆகியவை வழக்கம்போல் நடந்தன. மறைந்த உறுப்பினர்களுக்கு அஞ்சலி.

இந்த ஆண்டு சுற்றுலா ஏன் இல்லை என்று சிலர் வருத்தப்பட்டார்கள். தனியாக வாழும் உறுப்பினர்களைப் போனில் நலம் விசாரிக்கும் பணிக்கே நேரமும் பணமும் போயின. அது சரியான முடிவு என்று இன்றும் சொல்கிறேன்.

ஒருவருக்கு இரண்டு அழைப்பாளர்கள்; வாரம் இருமுறை, குறித்த நேரத்தில் பேச வேண்டும். அந்த நேரத்துக்காகக் குளித்து, சட்டை மாற்றிக்கொண்டு போன் பக்கத்தில் உட்காருபவர்கள் இருக்கிறார்கள். "நல்லா இருக்கீங்களா?" என்று கேட்டால் "இருக்கேன்" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். ராத்திரி என்ன சாப்பிட்டீங்க, எத்தனை மணிக்கு முழிப்பு வந்தது, மாத்திரை இன்னும் எத்தனை நாளைக்கு இருக்கு என்று கேட்க வேண்டும். நம் வயதில் மனச்சோர்வு பல நேரம் அழுகையாக வராது. கை கால் குடைச்சல், பசியின்மை, விடியுமுன் முழிப்பு, "எதுவும் பிடிக்கல" என்று வரும். வயசானா அப்படித்தான் என்று வீட்டார் விட்டுவிடுவார்கள்.

இரண்டு வாரம் இப்படியே நீடித்தால் நேரில் போய், முதியோர் மனச்சோர்வு வினாத்தாளின் 15 கேள்விகளைக் கேட்கிறோம். மதிப்பெண் 5-ஐத் தாண்டினால் மருத்துவரிடம் காட்ட வேண்டும். அதை வைத்து நோய் என்று நாமே முடிவு கட்டக் கூடாது. தைராய்டு, வைட்டமின் பி12, காது மூன்றையும் சோதிக்கச் சொல்லுங்கள். காது மந்தமாகிப் பேச்சில் கலந்துகொள்ளாதவரை மறதிக்காரர் என்று ஒதுக்கிவிடுகிறோம். மனச்சோர்வு மாத்திரை வேலை செய்யச் சில வாரங்கள் ஆகும். "பிரயோஜனமில்லை" என்று முதல் வாரத்திலேயே நிறுத்தக் கூடாது. "போய்ச் சேர்ந்துட்டா நல்லது" என்று யாராவது சொன்னால் சமாதானம் பேசி நகர்ந்துவிடாதீர்கள். கூடவே இருந்து, அரசின் மனநல உதவி எண்ணான டெலிமனாஸ் 14416-ஐ அழையுங்கள்; 24 மணி நேரமும் தமிழில் பேசுவார்கள். வீட்டில் கொடுமை, புறக்கணிப்பு என்றால் முதியோர் உதவி எண் 14567.

பெயர் கொடுத்த அழைப்பாளர்களில் பலர் தீபாவளிக்குப் பிறகு அழைக்கவே இல்லை. பிள்ளைகள் வீட்டுக்குப் போகலாம். போகுமுன் பொறுப்பை இன்னொருவரிடம் ஒப்படைத்திருக்க வேண்டும். வந்துகொண்டிருந்த போன் நின்றுபோனால், 'நம்மை வேண்டாமென்று விட்டார்கள்' என்றே அவர்கள் எடுத்துக்கொள்கிறார்கள்.

சந்தா பாக்கி கணிசமாக இருக்கிறது. பாக்கிக்குக் கூச்சப்பட்டுக் கூட்டத்துக்கே வராதவர்கள்தான் என் பெரிய கவலை. இயலாதவர்கள் பொருளாளரிடம் ஒரு வார்த்தை சொன்னால் போதும். பாக்கிப் பட்டியல் இனி பலகையில் ஒட்டப்படாது. வசதியிருந்தும் தள்ளிப்போடுபவர்கள் தயவுசெய்து யோசிக்க வேண்டும்.

கணக்கைப் பொருளாளர் வாசிப்பார். ரீசார்ஜும் ஆட்டோ வாடகையுமே பெருஞ்செலவு, கையிருப்பு சொற்பம். இடம் தந்தவர்களுக்கும் முகாம் மருத்துவர்களுக்கும் நன்றி.

அடுத்த ஆண்டு மாலை நேர அழைப்பாளர்கள் இன்னும் தேவை. சொந்த போனும் வாரம் அரை மணி நேரமும் இருந்தால் போதும். பதிவேடு என் மேசையில் இருக்கிறது. கையெழுத்துப் போடுபவர்கள் தங்களுக்கு வசதியான நேரத்தையும் எழுதிவிடுங்கள்.