ஊழியமும் ரோபோவும்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். மனித உருவ ரோபோக்கள் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். நாமும் ஒருவகை இயந்திரம்தான், சுயமாக முடிவெடுக்கிறோம் என்பது மூளை நமக்குக் காட்டும் மாயை என்று கட்டுரையாளர் முடித்திருந்தார். அந்த வரி என்னை உறங்க விடவில்லை. அதற்கு அவர் காட்டிய சான்று அமெரிக்க மூளை ஆய்வாளர் பெஞ்சமின் லிபெட்டின் பரிசோதனை. அதில் பாதியைத்தான் சொல்லியிருக்கிறார் என்பதால் மீதியைச் சொல்லிவிட்டு என் பேச்சுக்கு வருகிறேன்.

1983ல் வெளியான ஆய்வு அது. தலையில் மின்முனைகள் பொருத்தி உட்கார வைத்தவர்களிடம், தோன்றும்போது மணிக்கட்டை அசையுங்கள் என்றார்கள். கடிகார முகத்தில் சுற்றிவரும் ஒரு புள்ளியைப் பார்த்து, அசைக்க வேண்டும் என்று எந்தக் கணத்தில் தோன்றியது என்பதை அவர்கள் சொல்ல வேண்டும். கை அசைய ஏறக்குறைய 0.2 வினாடி இருக்கும்போதுதான் அந்த எண்ணம் அவர்களுக்குத் தெரிந்தது. மூளையிலோ கை அசைவதற்கு அரை வினாடிக்கு முன்பே ஆயத்த அலை தொடங்கியிருந்தது. கட்டுரை இங்கே நின்றுவிட்டது, லிபெட் நிற்கவில்லை. எண்ணம் தெரிந்த பிறகும் மிஞ்சுகிற அந்தச் சிறு இடைவெளியில் 'வேண்டாம்' என்று தடுக்க மனிதரால் முடியும், நம் சுதந்திரம் அங்கே இருக்கிறது என்பதுதான் அவருடைய கருத்து. 2012ல் ஆரோன் ஷர்கரும் உடன் ஆய்வாளர்களும் அந்த மூளை அலைக்கே வேறு விளக்கம் தந்தார்கள். மூளையில் ஓயாமல் ஏறி இறங்கும் சலனம் தற்செயலாக ஓர் எல்லையைத் தொடும்போது கை அசைகிறது, பின்னோக்கிப் பார்ப்பவருக்கு அது முன்கூட்டியே எடுத்த முடிவு போலத் தெரிகிறது என்றார்கள். விவாதம் இன்னும் நடக்கிறது. அதைத் தீர்ந்துபோன வழக்காகச் சொல்லியிருக்க வேண்டாம்.

எனக்கு இன்னொரு குறையும் உண்டு. மணிக்கட்டை இப்போது அசைத்தாலும் கொஞ்சம் பொறுத்து அசைத்தாலும் யாருக்கு என்ன இழப்பு? மனிதரின் சித்தம் எத்தகையது என்று அறிய, விலை கொடுக்க வேண்டியிருந்த இடங்களில் அல்லவா தேட வேண்டும்?

'ரோபோ' என்ற சொல் செக் எழுத்தாளர் காரல் சாப்பெக்கின் நாடகத்திலிருந்து வந்தது. 1920ல் அச்சாகி, 1921ல் பிராக் நகரில் மேடையேறிய நாடகம். சொல்லை எடுத்துக்கொடுத்தவர் அவருடைய அண்ணன் யோசப். செக் மொழியில் 'ரோபோட்டா' என்றால், நிலக்கிழாருக்குக் குடியானவன் கூலியில்லாமல் செய்து தீர வேண்டிய கட்டாய வேலை. குமரி மாவட்டத்தில் பிறந்த எனக்கு இதை விளங்கிக்கொள்ள அகராதி தேவைப்படவில்லை. எங்கள் மண்ணில் அதற்குப் பெயர் ஊழியம். இன்று அந்தச் சொல்லைச் சபைப் பணிக்குச் சொல்கிறோம். திருவிதாங்கூர் மன்னராட்சியில் அது ஒடுக்கப்பட்ட சாதியினரின் முதுகில் ஏற்றப்பட்ட சுமை. ஆணை வந்தால் போக வேண்டும், சுமக்க வேண்டும், கூலி கேட்கக் கூடாது. தலைக்கும் வரி கட்ட வேண்டும். பெண்கள் மார்பை மறைத்துத் தோள்சீலை இடக் கூடாது. சொன்னதைச் செய்யும் உடம்பு போதும், உள்ளே ஓர் ஆள் இருக்க வேண்டியதில்லை என்று ஓர் அரசே நினைத்த காலம் அது. இரும்பில் ரோபோ செய்யத் தெரிவதற்கு முன்னால் மனிதர்களை வைத்தே அதைச் செய்து பார்த்தார்கள்.

ஆனால் அந்த மனிதர்கள் மாட்டோம் என்றார்கள். தோள்சீலைக்கான போராட்டம் 1822ல் தொடங்கி 1859 வரை நடந்தது. சந்தையிலும் சாலையிலும் மேல்சாதியினர் சீலையைக் கிழித்தார்கள், அதன் பிறகும் பெண்கள் சீலையைக் கைவிடவில்லை. 1859ல் இறங்கி வந்த அரசு, மேல்சாதிப் பெண்களைப் போல உடுத்தக் கூடாது என்ற நிபந்தனையோடுதான் அனுமதி கொடுத்தது. சாமித்தோப்பில் ஐயா வைகுண்டர் ஊழியத்தையும் வரிக்கொடுமையையும் எதிர்த்தார், ஆண்களைத் தலைப்பாகை கட்டி வழிபடச் சொன்னார், அதற்காகத் திருவனந்தபுரத்தில் சிறையும் இருந்தார். பதி என்று சொல்லப்படும் அவருடைய வழிபாட்டு இடத்தின் பள்ளியறையில் சிலை கிடையாது, கண்ணாடிதான் இருக்கும். கும்பிட்டு நிமிர்கிறவர் அங்கே பார்ப்பது தன் முகத்தை. தலைகுனிந்தே நடக்கப் பழக்கப்பட்ட ஒருவருக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று நான் பலமுறை நினைத்துப் பார்த்திருக்கிறேன். முப்பத்தேழு ஆண்டுகள் நீண்ட ஒரு மறுப்பை அரை வினாடிக் கணக்கால் மாயை என்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை.

இன்றைய பேசும் நிரல்களும் சில கேள்விகளுக்கு 'முடியாது' என்கின்றனவே என்று கட்டுரையாளர் கேட்கலாம். அப்படிச் சொல்லும்படி அவற்றைப் பழக்கியவர்கள் இருக்கிறார்கள். சொன்னதற்காக அவை அடிபடுவதும் இல்லை, பட்டினி கிடப்பதும் இல்லை.

நான் ரோபோக்களுக்கு எதிரியல்ல. பக்கத்துத் திருவனந்தபுரத்தில் இளைஞர்கள் சேர்ந்து செய்த 'பாண்டிகூட்' 2018 முதல் பாதாளச் சாக்கடையைச் சுத்தம் செய்கிறது. மனிதர் குழிக்குள் இறங்கும் கொடுமைக்கு முடிவு கட்டும் இயந்திரத்தை நான் கைகூப்பி வரவேற்பேன். ஊழியத்தை இயந்திரம் வாங்கிக்கொள்ளட்டும். முடிவெடுக்கும் பொறுப்பையும் சேர்த்து நாமே அதன் தலையில் கட்டுவதுதான் எனக்குப் பயம் தருகிறது. அதை என் வீட்டிலேயே பார்த்தேன்.

என் அம்மா பதினான்கு வயதில் அண்டி ஆபீசுக்குப் போனவர். நாற்பது ஆண்டுகள் முந்திரிக் கொட்டை உடைத்தார். எவ்வளவு சாம்பல் தொட்டுக்கொண்டாலும் தோட்டு எண்ணெய் தோலை அரித்துவிடும். இரண்டு கைகளிலும் இன்று ரேகை இல்லை. ஒரு சலுகைக்காக ஓர் அலுவலகத்துக்கு அவரை அழைத்துப்போனேன். எல்லா விரலையும் வைத்துப் பார்த்தாயிற்று, இயந்திரம் ஏற்கவில்லை. அங்கே இருந்தவர் அம்மாவைச் சிறுவயது முதல் அறிந்தவர், எங்கள் வீட்டு முற்றத்தில் விளையாடியவர். "பாட்டி, மிஷின் எடுக்க மாட்டேங்கு. நான் என்ன செய்ய முடியும்?" என்றார். மூன்று நாள் இதே பதில். கண்ணெதிரே நிற்பவர் யாரென்று தெரிந்தும், தெரியாது என்று ஒரு பெட்டி சொன்னதையே அவர் எடுத்துக்கொண்டார்.

நான்காம் நாள் அந்த நாற்காலியில் வேறொரு பெண் இருந்தார், வயது இருபத்தைந்துக்குள் இருக்கும். விரலைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "அண்டி ஆபீசா பாட்டி?" என்று கேட்டார். ரேகை விழாதவர்களுக்கு வேறு வழி விதியிலேயே இருக்கிறது என்று சொல்லி, ஒரு பதிவேட்டை எடுத்து எழுதினார். கீழே தன் பெயரைப் போட்டுக் கையெழுத்திட்டார். "யாராவது கேட்டா நான் பதில் சொல்லிக்கிடுதேன், நீங்க போங்க பாட்டி" என்றார்.

திரும்பும் வழியில் அம்மா பேருந்தில் கேட்டார்: "அந்தப் பயலுக்கு இது தெரியாதா மக்களே?"

"தெரியும்மா" என்றேன். அம்மா வெகுநேரம் சன்னல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்.

தங்கள் இதழ் வழியாக நான் கேட்டுக்கொள்வது ஒன்றுதான். ரேகை விழவில்லை, கணினி ஏற்கவில்லை என்று ஒருவரைத் திருப்பி அனுப்பும் எந்த அலுவலகத்திலும், அனுப்புகிறவர் தம் பெயரையும் காரணத்தையும் ஒரு தாளில் எழுதிக் கொடுக்க வேண்டும். மாற்று வழி என்ன என்பதை வாசலிலேயே தமிழில் எழுதி வைக்க வேண்டும். கட்டுரையாளர் தம் அடுத்த கட்டுரையில் இதைப் பற்றியும் எழுதினால் நன்றியுள்ளவளாக இருப்பேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
கருங்கல், கன்னியாகுமரி மாவட்டம்