வானத்தைக் கறுப்பாக்கினால் படம் பொய்யா?

புகைப்படப் போட்டி நடுவர்களுக்கு வணக்கம்.

போன மாதம் ஒரு போட்டியில் என் கறுப்பு வெள்ளைப் படத்தை ‘எடிட் செய்தது’ என்று ஒதுக்கிவிட்டார்கள். எந்தப் போட்டி என்பது முக்கியமில்லை, இந்த விதி இப்போது நிறைய இடங்களில் இருக்கிறது. மழைக்கு முன்னால் எடுத்த படம் அது. மேகத்தைக் கொஞ்சம் இருட்டாக்கினேன், கீழே நெல்வயலில் கொஞ்சம் வெளிச்சம் கூட்டினேன். எதையும் ஒட்டவில்லை, எதையும் அழிக்கவில்லை. அதே போட்டியின் அறிவிப்பில், கறுப்பு வெள்ளை இயற்கைக் காட்சிகளுக்குப் பேர்போன அமெரிக்கப் புகைப்படக்காரர் ஆன்செல் ஆடம்ஸை முன்மாதிரியாகச் சொல்லியிருந்தார்கள். அதனால்தான் இந்த மடல்.

1927 ஏப்ரலில் அமெரிக்காவின் யோசெமிட்டி தேசியப் பூங்காவில் ஹாஃப் டோம் பாறைக்கு எதிரே நின்றபோது அவரிடம் மிச்சமிருந்தவை, ஃபிலிமுக்குப் பதில் படம் பதியும் இரண்டே கண்ணாடித் தட்டுகள். மஞ்சள் ஃபில்டர் போட்டு ஒன்றை எடுத்தார். வானம் வெளிறிப்போகும், பாறையைப் பார்த்ததும் தனக்குள் எழுந்த அந்தப் பிரமிப்பு படத்தில் வராது என்று தோன்றியது. கடைசித் தட்டுக்கு அடர்சிவப்பு ஃபில்டரை மாட்டினார், வானம் கிட்டத்தட்டக் கறுப்பாக வந்தது.

அப்புறம் 1941இல் நியூ மெக்சிகோவின் ஹெர்னாண்டஸில் எடுத்த நிலாப் படம். கல்லறைச் சிலுவைகள் மேல் விழுந்த வெயில் போய்க்கொண்டிருக்கிறது, ஒளியை அளக்கும் லைட் மீட்டரைத் தேடினால் கிடைக்கவில்லை, நிலாவின் ஒளி அளவு மனப்பாடமாக இருந்ததால் அதை வைத்தே கணக்குப் போட்டு ஒரு படம் எடுத்தார், இன்னொன்று எடுப்பதற்குள் வெயில் போயே போய்விட்டது. இதுவரைக்கும் எல்லோருக்கும் தெரியும். இதற்கப்புறம் இருட்டறையில் நடந்ததைத்தான் யாரும் பேசுவதில்லை. 1948இல் அந்த நெகட்டிவின் கீழ்ப்பகுதியை ரசாயனத்தில் போட்டு அடர்த்தி ஏற்றினார், பிரிண்டில் அந்த இடம் இன்னும் வெளிச்சமாக வர. பிரிண்ட் போடும்போது, நெகட்டிவைப் பெரிதாக்கித் தாளில் விழவைக்கும் என்லார்ஜருக்கு அடியில் அட்டையை அசைத்து அசைத்து, ஓர் இடத்தை மறைத்து, வானத்துக்கு மட்டும் கூடுதல் ஒளி கொடுத்தார். பிரிண்ட் தாளில் ஒளி அதிகம் பட்ட இடம்தான் கறுக்கும். ஆரம்பகால பிரிண்டுகளில் வானத்தில் மெல்லிய மேகம் தெரியும், பிற்காலத்தில் அவரே போட்டவற்றில் வானம் மையிருட்டு. நெகட்டிவ் இசைக்குறிப்பு, பிரிண்ட்தான் அதன் வாசிப்பு என்று சொன்னவர் அவர். பியானோ பழகிய கை அல்லவா!

சியரா நெவாடா மலைகளை அவர் எடுத்த படங்கள் 1940இல் கிங்ஸ் கேன்யன் தேசியப் பூங்கா அமையவும் உதவின. இருட்டறையில் வேலை செய்ததால் அந்த மலைகள் பொய்யாகிவிடவில்லை.

ஆனால் ஓர் இடத்தில் அவருக்காகவும் நான் வாதாட மாட்டேன். இரண்டாம் உலகப் போரின்போது ஜப்பானிய வம்சாவளி அமெரிக்கர்களை அடைத்துவைத்த மான்சனார் முகாமைப் படமெடுத்துவந்த நாட்களில், 1944இல், லோன் பைன் ஊரிலிருந்து ஒரு குளிர்கால விடியலை எடுத்தார். அங்கே குன்றின்மேல் பள்ளிப் பிள்ளைகள் வெள்ளைக் கற்களால் போட்டிருந்த ‘எல்பி’ எழுத்துகளை நெகட்டிவிலேயே முடிந்தவரை அழித்துவிட்டார். அங்கே இருந்த ஒன்றை இல்லாமலாக்குவது வேறு விஷயம். உங்கள் விதி தடுக்க வேண்டியது அதைத்தான்.

என் படத்தை மறுபடி பார்க்கச் சொல்லவில்லை. ‘எடிட் கூடாது’ என்ற அந்த ஒற்றை வரியை எடுத்துவிட்டு, ‘எதையும் சேர்க்கக் கூடாது, நீக்கக் கூடாது, கேமராவின் மூலக்கோப்பையும் சேர்த்து அனுப்ப வேண்டும்’ என்று எழுதுங்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு முடிவு சொல்லுங்கள்.