மருத மரத்தின் வெள்ளை

வீரவநல்லூர்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. அம்மாவும் நானும் நலம். நீ வாங்கித் தந்த வண்ணப் பெட்டியில் காவியும் கருநீலமும் தீர்ந்துவிட்டன. பச்சைக் கட்டியை இன்னும் தொடவில்லை. நம் வயலின் பச்சை அதில் இல்லையம்மா. நாற்றின் பச்சை வேறு, கதிர் பொதியும்போது வருகிற பச்சை வேறு. மஞ்சளையும் நீலத்தையும் குழைத்து நானே செய்துகொள்கிறேன்.

படங்களை பெங்களூருக்கு அனுப்பச் சொன்னாய், உங்கள் குடியிருப்பில் கண்காட்சி வைக்கலாம் என்றாய். போனில் எனக்குப் பதில் வரவில்லை. எழுத உட்கார்ந்தால்தான் வருகிறது.

32 ஆண்டுகள் இந்தப் பக்கத்து நிலங்களை அளந்தவன் நான். ஒரு சங்கிலிக்கு 100 கண்ணி, 66 அடி. புலப்படத்தில் கோடு பிசிறினால் மறுபடி வரைய வேண்டும். வாய்க்கால் எங்கே வளைகிறது, எல்லைக்கல் எங்கே புதைந்திருக்கிறது என்பதெல்லாம் இன்றைக்கும் கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். ஆனால் தாமிரபரணிக்கு நான் ஏட்டில் எழுதியது ஒரே சொல்தான்: புறம்போக்கு. ஓய்வு பெற்று, 61 வயதில், கையில் சங்கிலி இல்லாமல் அதே கரையில் உட்கார்ந்தபோதுதான் தண்ணீரின் நிறத்தைப் பார்த்தேன். அன்று வீட்டுக்கு வந்து வெகுநேரம் யாரோடும் பேசவில்லை. அம்மாவைக் கேட்டால் சொல்வாள்.

இப்போது பெரும்பாலும் திருப்புடைமருதூருக்குத்தான் போகிறேன். கடனாநதி வந்து தாமிரபரணியில் சேருகிற இடம். கோயிலின் தலமரமே மருதம்தான். கரையிலும் பெரிய பெரிய மருத மரங்கள். அடிமரத்துப் பட்டை செதிள் செதிளாக உரிந்து, ஓரிடத்தில் சாம்பல், ஓரிடத்தில் இளஞ்சிவப்பு, வெயில் விழுகிற பக்கம் வெள்ளை. நீர்வண்ணத்தில் வெள்ளையைப் பூசுவதில்லை, தாளை அப்படியே விட்டுவிட வேண்டும். கட்டத்தை நிரப்பியே பழகிய கைக்கு இது எத்தனை கடினம் தெரியுமா! ஒரே மரத்தை இதுவரை 40 தடவைக்கு மேல் வரைந்திருப்பேன். வெள்ளை சரியாக நின்றது இரண்டில்தான்.

ஒரு மாதம் முன்பு அந்தக் கோயில் கோபுரத்துக்குள் ஏறிப் பார்க்க அனுமதி கிடைத்தது. ஐந்து நிலைகளிலும் சுவர் முழுக்க ஓவியங்கள், 400 ஆண்டுகளுக்கும் மேற்பட்டவை. செதுக்கிய மரத்தூண்களுக்கு நடுவே டார்ச் வெளிச்சத்தில் பார்த்தேன். போர்க்காட்சி இருக்கிறது. குதிரைகளை ஏற்றிக்கொண்டு வருகிற ஒரு கப்பலும் இருக்கிறது. குதிரையின் முதுகை ஒரே இழுப்பில் இழுத்திருக்கிறார் அந்த மனிதர். அளவுகோல் வைத்த கோடு இல்லை அது. இந்த ஆற்றுத் தண்ணீரில்தான் அவரும் வண்ணம் கரைத்திருப்பார் என்று தோன்றியது. இத்தனை வருடம் அந்தக் கோபுரத்தை நான் தூரத்துக் குறியாக மட்டுமே வைத்திருந்தேன்.

அம்மா நன்றாகப் பார்க்கிறாள். போன வாரம் ஒரு படத்தைப் பார்த்துவிட்டு, "ஆறு ஓடவில்லையே, குளம் மாதிரி நிற்கிறதே" என்றாள். அவள் சொன்னது உண்மை. மூன்று நாள் வரையாமல் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தேன். பாறையைத் தாண்டியதும் ஒரு சுழிப்பு, அதன் ஓரத்தில் மட்டும் கீற்றாக வெளிச்சம். அதைப் பிடிக்கத்தான் இப்போது முயல்கிறேன்.

தாகூரும் அறுபதைக் கடந்துதான் ஓவியத்தில் முழுதாக இறங்கினார், 1930இல் பாரிஸிலேயே கண்காட்சி வைத்தார் என்று நீ சொன்னது எனக்குத் தெம்பாக இருந்தது. ஆனாலும் படங்களை இப்போது அனுப்பவில்லையம்மா. கோபித்துக்கொள்ளாதே. முதலில் நீ அவற்றை அந்த மரத்தடியில் வைத்துப் பார்க்க வேண்டும். நீயும் வளர்ந்த ஊர் இது; எங்கே தப்பு என்று உன் கண்ணுக்கும் தெரியும்.

தைப்பூசத்துக்கு வா. அப்போது மருத மரங்களில் நாரைகள் கூடு கட்டியிருக்கும். குழந்தையையும் அழைத்து வா. வரும்போது பெட்டி வேண்டாம், காவியும் கருநீலமும் மட்டும் போதும். தாள் சதுர மீட்டருக்கு 300 கிராம் எடையில் பார்த்து வாங்கு. மெல்லிய தாள் ஆற்றங்கரை ஈரத்தில் சுருண்டுகொள்கிறது.

அன்புடன்,
அப்பா