தமிழர் சங்கச் செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–2025 (தாராவி, மும்பை)

தலைவர் அவர்களுக்கும் செயற்குழுவினருக்கும், ஞாயிற்றுக்கிழமைத் தூக்கத்தை விட்டுவிட்டு வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

பொங்கல் விழா, பிள்ளைகளுக்கு நோட்டுப் புத்தகம், மழைக்கு முன்னால் சங்க அறைக்குப் புதுத் தகரம் எல்லாம் வழக்கம்போல நடந்தன. கணக்கைப் பொருளாளர் வாசிப்பார். நான் மகளிர் பிரிவு செய்த ஒரு வேலையைப் பற்றித்தான் அதிகம் சொல்லப்போகிறேன். முழுகாமல் இருக்கும் நம் பெண்களை முதல் மூன்று மாதத்துக்குள் மாநகராட்சி சுகாதார மையத்தில் பதிவு செய்ய வைக்கும் வேலை அது.

பணம்தான் தடை என்று நினைத்து ஆரம்பித்தோம். அப்படி இல்லை. 2011இல் வந்த மத்தியத் திட்டப்படி அரசு ஆஸ்பத்திரியில் பிரசவம், சிசேரியன், மருந்து, ரத்தப் பரிசோதனை, சாப்பாடு எல்லாமே இலவசம். தடை நம் வீட்டுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது. "மூணு மாசம் முடியட்டும், கண்ணு பட்டுடும், யார்கிட்டேயும் சொல்லாதே" என்று மாமியார் சொல்கிறார். ஊரெல்லாம் சொல்ல வேண்டாம், சரி. நர்ஸம்மாவிடம் சொல்வதுமா கண் பட்டுவிடும்?

அந்த மூன்று மாதத்தில்தான் காரியமே இருக்கிறது. குழந்தையின் மூளையும் தண்டுவடமும் உருவாகும் குழாய், கருத்தரித்து நாலு வாரத்துக்குள் மூடிவிடுகிறது. ஃபோலிக் அமில மாத்திரை அதற்கு முன்னாலேயே உடம்பில் இருந்தால் நல்லது. ரத்தச்சோகை, ரத்த அழுத்தம், சர்க்கரை, எச்.ஐ.வி. போன்றவை முதலிலேயே தெரிந்தால் மருத்துவம் பார்க்க அவகாசம் இருக்கும். 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி நாடு முழுக்க 70 சதவீதப் பெண்கள்தான் முதல் மூன்று மாதத்தில் பரிசோதனைக்குப் போயிருக்கிறார்கள். மீதி முப்பதில் நம் சந்துக்காரிகளும் உண்டு.

ஒரு பெண்பிள்ளையைப் பற்றிச் சொல்ல வேண்டும். கல்யாணமாகி நாங்குநேரிப் பக்கத்திலிருந்து வந்தவள், தமிழ் மட்டும்தான் தெரியும். சுகாதார மையத்துக்குத் தனியாகப் போயிருக்கிறாள். கவுன்டரில் மராத்தியில் "ஷேவட்சி பாளி கதி ஆலி?" என்று கேட்டார்கள். கடைசியாகத் தலைக்குக் குளித்தது, அதாவது மாதவிலக்கு வந்தது, எப்போது என்றுதான் கேட்கிறார்கள் என்பது புரியாமல் இவள் தலையை ஆட்டியிருக்கிறாள். பதிவுக் கார்டில் ஏதோ ஒரு தேதி ஏறிவிட்டது. அந்தத் தேதியிலிருந்து எண்ணிய கர்ப்ப வாரக்கணக்கு, அப்புறம் சோனோகிராஃபியில் (ஸ்கேனில்) உதைத்தது. கார்டை எடுத்துக்கொண்டு சங்கத்துக்கு வந்தாள். சுவரில் தொங்கும் தமிழ்க் காலண்டரைப் புரட்டி, "ஆடி வெள்ளி, கூழ் ஊத்தினதுக்கு மறுநாள்" என்று விரல் வைத்தாள். தேதி கிடைத்துவிட்டது. அன்றிலிருந்து மராத்தி தெரிந்த ஒருவர் கூடப் போக வேண்டும் என்று முடிவு செய்தோம்.

இன்னொரு மையத்தில், ஆதாரில் ஊர் விலாசம் இருக்கிறது என்று ஒருத்தியைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். மறுநாள் நம் ஆட்கள் இருவர் கூடப் போய் நின்றதும் பதிவாகிவிட்டது. விலாசம் மாறவில்லை, கூட்டம்தான் மாறியது.

ஒன்பதாம் தேதி பற்றியும் ஒரு குழப்பம். மாதந்தோறும் 9ஆம் தேதி கர்ப்பிணிகளுக்கு நடக்கும் சிறப்புப் பரிசோதனை முகாம் 2016இல் தொடங்கியது. அது நாலாம் மாதத்திலிருந்து மேலே உள்ளவர்களுக்கு. அதற்காகக் காத்திருந்து முதல் பதிவைத் தள்ளிப்போட்டவர்கள் உண்டு. முதல் பதிவுக்கு 9ஆம் தேதி வரை காத்திருக்கத் தேவையே இல்லை.

மத்திய அரசின் மாத்ரு வந்தனா திட்டப் பணமும் இதோடு சேர்ந்ததுதான். தகுதி உள்ளவர்களுக்கு முதல் குழந்தைக்கு 5,000 ரூபாய். அதில் முதல் தவணை 3,000 வர வேண்டுமென்றால், ஆறு மாதத்துக்குள் பதிவும் ஒரு பரிசோதனையாவது முடிந்திருக்க வேண்டும். இரண்டாவது பெண் குழந்தையானால் 6,000. ஏழாம் மாதம் வளைகாப்பு முடிந்து, தாதர்–திருநெல்வேலி ரயிலுக்கு டிக்கெட் எடுத்த பிறகு "பணம் வருமா அண்ணே" என்று கேட்டால் நான் என்ன செய்வேன்?

ஊருக்குப் பிரசவத்துக்குப் போவதைக் குறை சொல்லவில்லை. அம்மா கையால் பத்தியச் சாப்பாடு கிடைக்கும்போது யார் விடுவார்கள்? ஆனால் கார்டையும் ரிப்போர்ட்டுகளையும் தகரப் பெட்டியில் இங்கேயே பூட்டிவிட்டுப் போய்விடுகிறார்கள். அங்கே மறுபடி முதலிலிருந்து ஊசி குத்துகிறார்கள். தமிழ்நாட்டின் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தில், தகுதி உள்ளவர்களுக்கு 18,000 ரூபாய் வரை உதவி உண்டு. அதற்கும் ஆரம்பத்திலேயே பதிவு செய்திருப்பது நல்லது.

வரும் ஆண்டுக்கு மூன்று வேண்டுகோள். செவ்வாய் காலை சுகாதார மையத்துக்குக் கூடப் போக இன்னும் இரண்டு பேர் வேண்டும், மராத்தி தெரிந்திருந்தால் போதும். மருமகள் வாந்தி எடுத்தால் மாமியார்கள் முதலில் நம் மகளிர் பிரிவுக்குச் சொல்லி அனுப்புங்கள், விஷயம் அறையை விட்டு வெளியே போகாது. மூன்றாவது சந்தா பாக்கி. பெயர்களை இங்கே படிக்கவில்லை. பட்டியல் கதவுக்குப் பின்னால் ஒட்டியிருக்கிறது.

நன்றி, வணக்கம்.
செயலாளர்