சிக்கல் சண்முகசுந்தரத்தின் கண்கள்

கொழும்பு 13,
ஒக்டோபர் 6.

அன்புள்ள மகளுக்கு,

சென்னையிலிருந்து நேற்று முன்தினம் இரவு நலமாக வந்து சேர்ந்தேன். பிரஷர் மாத்திரையை ஒரு வேளையும் தவறவிடவில்லை. இதை முதலில் எழுதினால்தான் மற்றவற்றை நீ பதற்றமில்லாமல் வாசிப்பாய்.

"70 வயதில், ஒரு நடிகருடைய பிறந்தநாளுக்காகக் கடல் தாண்டிப் போகத்தான் வேண்டுமா, அப்பா?" என்று தொலைபேசியில் கேட்டாய். அன்று நான் ஏதோ சொல்லிச் சமாளித்தேன். ஆனால் அதற்கு முன்பே, உன் 15 வயதில், தொலைக்காட்சியில் சிவாஜி கணேசன் படம் ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, "இவர் ஏன் எல்லாவற்றையும் இவ்வளவு கூட்டிச் செய்கிறார்?" என்று நீ கேட்டதும், நான் எழுந்து உள்ளே போய்விட்டதும் உனக்கு நினைவிருக்குமோ தெரியாது. எனக்கு அது மறக்கவில்லை. கேட்ட பிள்ளைக்குப் பதில் சொல்லாமல் கோபித்துக்கொண்டு போனது என் தவறு. அந்தப் பழைய கேள்விக்குத்தான் இப்போது பதில் எழுதுகிறேன்.

சிவாஜி கணேசன் சிறுபிள்ளையாக இருந்தபோதே வீட்டை விட்டு நாடகக் கம்பெனியில் சேர்ந்தவர். பெண் வேடம் உட்படக் கிடைத்த வேடமெல்லாம் போட்டு, ஒலிபெருக்கியை நம்பாத மேடையில், கடைசி வரிசையில் தரையில் இருப்பவனுக்கும் சொல் போய்ச் சேர வேண்டும் என்ற கட்டாயத்தில் வளர்ந்த உடம்பும் குரலும் அவருடையவை. 1952 இல் 'பராசக்தி' வந்தபோது அவருக்கு வயது 24. அந்த மேடையை அவர் கமராவின் முன்னால் கொண்டுவந்தார் என்பது உண்மை. அந்தக் கடைசி வரிசைப் பையன் நான்தான் என்பதை நீ அறியமாட்டாய். தியேட்டரில் மலிவான கடைசி வகுப்பு திரைக்கு மிக அருகேதான் இருக்கும்; அந்தக் கலரி டிக்கட்டில், கழுத்தை நிமிர்த்தியபடி அவருடைய தமிழைக் கேட்டு வளர்ந்தவன் நான். கெப்பிட்டல் தியேட்டரில் 'வசந்த மாளிகை' மாதக்கணக்கில் ஓடியபோது எத்தனை தடவை போனேன் என்று உன் அம்மாவுக்குக்கூட நான் சரியாகச் சொன்னதில்லை.

பத்திரிகை அலுவலகத்தில் 31 ஆண்டுகள் ஒப்புநோக்குநராக இருந்தேன் அல்லவா? ஒரு நீண்ட வாக்கியத்தில் எங்கே மூச்சு விட வேண்டும், எந்தச் சொல்லின் முன்னால் காற்புள்ளி நிற்க வேண்டும் என்பதை எனக்குக் கற்பித்தது பள்ளிக்கூடத்து இலக்கண நூல் மட்டுமன்று. கலியாண வீட்டிலும் கோயில் திருவிழாவிலும் ஒலிபெருக்கி கட்டி, 'வீரபாண்டிய கட்டபொம்மன்' வசன இசைத்தட்டைப் போடுவார்கள். சக்தி கிருஷ்ணசாமி எழுதிய அந்த வசனத்தில் லகரம், ளகரம், ழகரம் மூன்றும் தனித்தனியாக நின்று ஒலிக்கும்; றகரத்துக்கு உள்ள அழுத்தம் ரகரத்தில் இராது. படத்தைப் பார்க்கக் காசில்லாத பிள்ளைகள்கூட அதைக் கேட்டுக் கேட்டே பாடமாக்கினார்கள். அந்த நடிப்புக்காகத்தான் 1960 இல் கெய்ரோவில் நடந்த ஆசிய ஆபிரிக்கத் திரைப்பட விழாவில் அவருக்குச் சிறந்த நடிகர் விருது கொடுத்தார்கள். நான் சம்பளத்தில் மிச்சம் பிடித்துச் சேர்த்த இசைத்தட்டுப் பெட்டி 1983 ஆடிக் கலவரத்தில் வீட்டோடு எரிந்தது. அந்தப் பெட்டியைப் பற்றி நான் உன்னிடம் அதிகம் பேசியதில்லை. உயிர் தப்பியவர்கள் இசைத்தட்டுக்காக அழக்கூடாது என்று அப்போது நினைத்தேன்.

அவருடைய பிறந்தநாளான ஒக்டோபர் 1 காலை, அடையாறில் அவர் நினைவாக உள்ள மணிமண்டபத்துக்குப் போனேன். கடற்கரைச் சாலையில் நின்ற அவருடைய சிலையை 2017 இல் அகற்றி இங்கேதான் கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள். முக்கியப் பிரமுகர்கள் மலர் தூவிவிட்டு வாகனங்களில் ஏறிப் போன பிறகே எங்களைப் போன்றவர்களுக்கு இடம் கிடைத்தது. என் வயதையொத்த ஒருவர் பிளாஸ்டிக் கோப்பு ஒன்றை மார்போடு அணைத்தபடி நின்றார். உள்ளே பத்திரிகைத் துணுக்குகள். கிளிப் துருப்பிடித்து ஒவ்வொரு தாளின் மூலையிலும் பழுப்பு நிறத்தில் அதன் வடிவம் பதிந்திருந்தது. நான் இலங்கை என்றதும் அவர் என் கையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு, இலங்கையில் நடந்த 'பைலட் பிரேம்நாத்' படப்பிடிப்பைப் பார்த்தீர்களா என்றுதான் முதலில் கேட்டார். பார்க்கவில்லை என்று சொல்ல எனக்கு வருத்தமாக இருந்தது. அதில் சிவாஜியுடன் நடித்த மாலினி பொன்சேகாவைச் சிங்கள மக்கள் தங்கள் திரையுலகின் அரசி என்று கொண்டாடியதைச் சொன்னேன்; உடனே சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து, ஒரு துணுக்கின் ஓரத்தில் அதைக் குறித்துக்கொண்டார்.

அண்ணா சாலையில் சிவாஜி குடும்பத்துக்குச் சொந்தமாக இருந்த சாந்தி தியேட்டர் இப்போது இல்லை. எதிர்ப்பக்கத்தில் சிறிது நேரம் நின்றுவிட்டு வந்தேன்.

மாலையில் ரசிகர்கள் ஒரு சிறிய மண்டபத்தில் கூடி, திரை கட்டிச் சில காட்சிகளைப் போட்டார்கள். வசனக் காட்சிகளின்போது என் பக்கத்தில் இருந்தவரின் உதடுகள் திரைக்கு ஒரு கணம் முந்தியே அசைந்தன. பிறகு 'தில்லானா மோகனாம்பாள்' வந்தது. 1968 இல் ஏ. பி. நாகராஜன் எடுத்த படம். 'நலந்தானா' பாடல்.

உன் கேள்விக்கு எனக்குப் பதில் கிடைத்தது அங்கேதான், மகள். காயம்பட்டுத் தேறி வந்த நாதஸ்வர வித்துவான் சண்முகசுந்தரம் மேடையில் இருக்கிறான். எதிரே பத்மினி ஆடுகிறார். ஊரார் முன்னால் வாய்விட்டு விசாரிக்க முடியாததால், பாட்டிலே நலம் கேட்கிறார். அவனும் வாய் திறந்து பதில் சொல்ல முடியாது, ஏனென்றால் வாயில் நாதஸ்வரம் இருக்கிறது. வசனத்துக்கென்றே பெயர் எடுத்த ஒரு நடிகருக்கு வாயை அடைத்துவிட்டு, கண்ணையும் புருவத்தையும் மட்டும் மிச்சம் விட்டிருக்கிறார்கள். கன்னம் புடைத்திருக்கிறது, விரல்கள் தம் வேலையைச் செய்கின்றன, கண்கள் மட்டும் தனியே கலங்குகின்றன. அங்கே எதுவும் கூடவில்லை; எதுவும் குறையவும் இல்லை. படத்துக்கு உண்மையில் நாதஸ்வரம் வாசித்தவர்கள் மதுரை எம். பி. என். சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்கள். அது தெரிந்திருந்தும், ஒலி அந்த மனிதரின் மூச்சிலிருந்துதான் வருகிறது என்று அன்றும் நம்பினேன்.

நீ சிறுமியாக இருந்தபோது, பொன்னம்பலவாணேஸ்வரர் கோயில் திருவிழாவில் நாதஸ்வரக்காரருக்கு மிக அருகே போய் நின்று, அவருடைய கன்னத்தையே பார்த்துக்கொண்டிருப்பாய். சுவாமி வீதிவலம் போன பிறகும் வரமாட்டாய். தூக்கிக்கொண்டுதான் வர வேண்டும். வாசிப்பவர் மூச்சை உள்ளே இழுக்கும்போது தோள் சற்று உயர்ந்து கண் ஒரு கணம் சுருங்குவதை அப்போது நீதான் எனக்குக் காட்டினாய். திரையில் அதே தோளும் அதே கண்ணும் அப்படியே அசைந்ததைப் பார்த்தபோது, பக்கத்தில் நீ இருந்திருக்க வேண்டும் என்று மனம் மிகவும் ஏங்கியது. சிவாஜியும் எங்கோ ஒரு கோயில் வாசலில் உன்னைப் போலவே நின்று பார்த்திருப்பார் என்றுதான் நினைக்கிறேன்.

உரத்துப் பேசிய இடங்களில் அவர் கூட்டிச் செய்தார் என்று நீ இப்போதும் சொல்லலாம். அதை நான் மறுத்து வாதாடப் போவதில்லை, அந்த உரத்த குரல் எனக்கு வேண்டியிருந்தது என்று மட்டும் சொல்வேன். ஆனால் இந்தப் பாடலை ஒரு தடவை முழுவதும் பார்த்துவிட்டுச் சொல். கைபேசியில் வேண்டாம். வீட்டிலுள்ள பெரிய தொலைக்காட்சியில், பிள்ளைகள் உறங்கிய பிறகு பார். பத்மினியின் ஆட்டத்தைப் பார்க்காமல் இருப்பது கடினம். இருந்தாலும் முதல் தடவை சண்முகசுந்தரத்தின் கண்களை மட்டும் பார்.

ஞாயிற்றுக்கிழமை வழக்கமான நேரத்தில் அழைப்பை எதிர்பார்த்திருப்பேன். அடையாறில் சந்தித்தவர் தம்மிடம் இரண்டு பிரதிகள் இருந்த ஒரு பழைய பாட்டுப் புத்தகத்தை எனக்குத் தந்தார். அதன் முதுகு கிழிந்திருக்கிறது. பசை தடவி, மேசையில் அகராதியின் கீழே அழுத்தி வைத்திருக்கிறேன். காய்ந்ததும் உனக்கு அனுப்புகிறேன்.

அன்புடன்,
அப்பா